நெளிகோட்டு வண்டி

ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முழங்காலுக்கு மேலே
ஒரு பொத்தான். அதில் ஒரு குட்டிக் கார்,
பின்னால் நெளிந்து நெளிந்து இரண்டு கோடு.
"என்னடி பவுனு, குடிச்சவன் ஓட்டுன வண்டியா?"
என்றாள் வீருசின்னம்மா.
வண்டியை விற்ற தேனி புரோக்கர் சொன்னது இவ்வளவுதான்:
"அதத் தொடாதீங்கக்கா. அது பாட்டுக்கு இருக்கும்."

எட்டு மாதம் அது பாட்டுக்கு இருந்தது.

விடியுமுன் போடியில் ஏறினால்
ஏழு பெண்கள், ஏழு தூக்குவாளி,
பதினேழு வளைவு, செக்போஸ்ட்,
அப்புறம் தோண்டிமலை, ஏலத்தோட்டம்.
மழைநாளில் டயர் லேசாய் நழுவும்போது
குட்டிக் கார் மஞ்சளாய் மினுக்கும்.
அடியில் யாரோ கடகடவென்று
ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து விடுவார்கள்.
யாரென்று நான் கேட்பதற்குள் வளைவு முடிந்திருக்கும்.

சித்திரை பத்தோ பன்னிரண்டோ.
மத்தியானம் மூன்று மணிக்கு வானம்
ஈயச்சட்டி நிறத்தில் தாழ இறங்கியது.
முதலில் தகரத்தில் புளியங்கொட்டை கொட்டும் சத்தம்.
பிறகு ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை.
ஓய்ந்தபோது மண்ரோடு முழுக்க வெள்ளை,
கணுக்கால் ஆழத்துக்கு ஆலங்கட்டி.
டிவியில் காஷ்மீர் பார்த்திருக்கிறோம்.
அதற்கு வாசனை உண்டென்று எவரும் சொன்னதில்லை:
கிழிந்த ஏலத்தட்டை வாசனை, ஏக்கர் ஏக்கராய்.

கேட்டுக்கு ஏறும் மேட்டில் வண்டி நின்றது.
மிதித்தேன். உறுமப் போன எஞ்சின்
வாயைப் பொத்தினாற்போல அடங்கியது.
மறுபடி மிதித்தேன், மறுபடி அடங்கியது.
சக்கரம் சுற்றினால் வழுக்கும் என்று அதற்குத் தெரியும்.
சுற்றாவிட்டால் ராத்திரி இங்கேதான்,
பெரியகருப்பாயி பிள்ளைக்குப் பால் கட்டிக்கொள்ளும்
என்பது தெரியாது.

பின்னால் ஜீப்பிலிருந்து சஜீவன் கத்தினான்:
"அது ஓஃப் ஆக்கு சேச்சி! அமர்த்திப் பிடி!"
அவன் ஜீப்பில் அப்படியொரு பொத்தானே கிடையாது.
எங்கே படித்தானோ.

அமுக்கிப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.
குட்டிக் கார் அணையாமல் எரியத் தொடங்கியது.
ஆறு பேர் பின்னால் தள்ள
சக்கரம் தறிகெட்டுச் சுற்றி
வெள்ளையைத் தோண்டி, சேற்றைத் தோண்டி
எல்லாவற்றையும் அவர்கள் மேல் வாரி இறைத்து
ஒரு கல்லைப் பிடித்தது. ஏறிவிட்டோம்.
முகமெல்லாம் சேறாய் ஏறி உட்கார்ந்து
சிரித்தார்கள், அப்படிச் சிரித்தார்கள்,
நானும் சிரித்தபடியே செக்போஸ்ட்டைத் தாண்டினேன்,
விளக்கை மறந்து.

மேட்டிலிருந்து இறங்க மூன்றாவது வளைவு.
நான் இடப்பக்கம் திருப்பினேன்.
வண்டியின் முன்பாதி மட்டும் கேட்டது.
பின்பாதி, என்னைத் தெரியாத மாதிரி,
சுவரில்லாத பக்கமாய்ப் போகத் தொடங்கியது.
பெரிய சத்தம் ஏதுமில்லை. அரிசி தேய்வது போல ஒன்று.
ஏழு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தியது
எனக்குக் கேட்டது.
பிரேக்கில் வைக்கப்போன காலை
எது தடுத்ததோ, தெரியாது.
போகிற பக்கமே ஸ்டியரிங்கை விட்டேன், கொஞ்சம்போல.
பின்பாதி யோசித்தது.
திரும்பி வந்தது.

அகலமான இடம் பார்த்து நிறுத்தி
சாவியைப் பிடுங்கினேன். கை ஆடியது.
வீருசின்னம்மா வெற்றிலைப் பையை மடியில் வைத்தபடி
பிரிக்காமல் இருந்தாள்.
மறுபடி சாவி போட்டபோது
குட்டிக் கார் எரிந்து, அணைந்து,
பழையபடி வேலைக்கு வந்துவிட்டது.
நான் நிறுத்தி வைத்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டாவது கியரில் இறங்கினோம்.
ஒன்பதாவது வளைவில் வெள்ளை தீர்ந்தது.
முந்தலில் ரோடு காய்ந்து, புழுதி.
டீக்கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்து
"எங்க, வயல்ல விழுந்தீங்களா?" என்றார்.

இரவு எட்டரைக்குக் கங்காணி போன்.
செடி மொத்தமும் படுத்துவிட்டது,
நாளைக்கு வரவேண்டாம், அப்புறம் சொல்கிறேன்.
அப்புறம் என்றால் எப்போது என்று கேட்டேன்.
லைன் விட்டுப் போனது.
வண்டித் தவணைக்கு ஒன்பது நாள் இருக்கிறது.

விடியுமுன் பழக்கத்தில் விழித்து
வாசலில் நின்ற வண்டியில் போய் உட்கார்ந்தேன்.
சும்மா சாவியைத் திருப்பினேன்.
எல்லா விளக்கும் எரிந்தன, ஒவ்வொன்றாய் அணைந்தன.
கடைசியாய் அந்த நெளிகோட்டு வண்டி.
அதுவும் அணைந்தது.
எல்லாம் சரியாக இருக்கிறதாம்.