காது வேண்டாம் என்றேன்

பள்ளத்தூர் முக்கில் எட்டுப் பேர் பார்த்தார்கள்.
எட்டும் எட்டுக் கதை.
டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கு நான் ரிவர்ஸ் எடுத்தேன்,
பூக்காரிக்கு அவன் பறந்து வந்தான்,
ஏட்டுக்கு
ஒரு பொம்பளை வேன் ஓட்டினாள்.
முடிந்தது வழக்கு.
என் பின்கதவுக்கு நாலாயிரம்,
அவன் ஹெட்லைட்டுக்கும் நானே.

ஆகவே ஒரு சாட்சி வாங்கப் போனேன்,
காரைக்குடி, கல்லுக்கட்டிப் பக்கம்.

கடைக்கார நைனா முகமது மூன்றை எடுத்து வைத்தார்.
"இது ஆயிரத்து எண்ணூறு. பகல்ல பிரமாதம்."
ராத்திரி?
"ராத்திரி... லைட் எரியிறது தெரியும்."
மாலைக்கண் வாட்ச்மேனுக்கு எதற்குச் சம்பளம்.

அந்தக் கடைசியில் ஒன்பதாயிரம்.
முன்னே பார்க்கும், பின்னே பார்க்கும்,
வானத்தைக் கேட்டு வேகம் சொல்லும்.
என் வேகத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நடுவில் இருந்ததைத் தொட்டேன். மூவாயிரத்து நானூறு.
உள்ளே பேட்டரியா?
கானாடுகாத்தானில் வந்தவர்கள் வீடு பார்த்து முடிக்க
மூன்று மணி நேரம்,
நிழலில்லாத தெரு, மே மாதம்,
போன வருஷம் டேஷ்போர்டில் ஒரு செல்போன்
வயிறு வீங்கிச் செத்தது.
"பேட்டரி இல்லக்கா, கெப்பாசிட்டர். வெயில் தாங்கும்."
தாங்கட்டும். நான் தாங்கவில்லையா.

கார்டு தனியாம். அறுநூற்றைம்பது.
"மட்டமான கார்டு போட்டா மூணே மாசத்துல மறதி வந்துரும்."

பேச்சும் பதியுமா?
"துல்லியமா."
அதை அணைத்துக் கொடுங்கள்.
திருமயம் வரை சண்டை போட்டுவிட்டு
கோட்டை வாசலில் கைகோத்து இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.
சீட்டுக் கம்பெனிக்காரரிடம் நான் போனில் கெஞ்சுவது இருக்கிறது.
குறுக்கே வரும் ஒவ்வொரு ஆட்டோவுக்கும்
நான் வைக்கும் பெயர் இருக்கிறது.
கண் போதும். காது வேண்டாம்.

"இன்னொண்ணு கேளுங்க,
நாலு மணி நேரம் நிறைஞ்சா பழசை அழிச்சுப் புதுசு எழுதும்.
ஆனா இடி விழுந்தா
அந்த நிமிஷத்தை மட்டும் பூட்டி வச்சுக்கும். தானா அழியாது."
அந்த ஒரு சொல்லுக்குத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

பதினோராம் நாள், கோட்டையூர்.
வலது பக்கம் திரும்புகிறேன்,
வலது பக்கமே ஏறி வந்தது ஒரு ஸ்கூட்டர்.
கீழே ஒரு கண்ணாடி, கழுத்தில் பேங்க் அட்டை தொங்கும் ஒரு பையன்.
"சிக்னல் போடாமத் திரும்பினீங்க."

இதற்குத்தானே காத்திருந்தேன்!
கூட்டத்தைக் கிட்டே கூப்பிட்டேன்,
உள்ளங்கைத் திரையில் ஓட்டிக் காட்டினேன்.
சாலை தெரிந்தது. தார் தெரிந்தது. புளியமரம்,
எதிரே போகும் பஸ்ஸின் நம்பர்கூடத் தெரிந்தது.
பிறகு எல்லாம் வலப்பக்கம் சரிய,
ஓரத்திலிருந்து ஹெல்மெட் ஒன்று உள்ளே வந்தது.

"இண்டிகேட்டர் எங்கே?" என்றான் பையன்.
அது கண்ணுக்குத் தெரியாது.
டிக் டிக் என்று கேட்கும்.
கேட்டிருக்கும்.

போட்டேன்.
போட்டிருப்பேன்.
இருபது வருஷத்துக் கை, தானாகப் போடும்.
ஏழெட்டுப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள்.
கண்ணாடிக்கு அறுநூறு கொடுத்தேன்.

ராத்திரி கார்டைப் போட்டுப் பார்த்தால்
பூட்டி வைத்தவை நாற்பத்தொன்று.
நாற்பது, ஸ்பீடு பிரேக்கர்.
ஒவ்வொரு மேட்டையும் விபத்தென்று நம்பிப்
பத்திரப்படுத்தியிருக்கிறது பாவம்.
கொத்தமங்கலம் பக்கம்
வண்டியை நிறுத்தவைத்து
அவசரமே இல்லாமல் கடந்து போன மயிலைத் தேடினேன்.
அது இடிக்கவில்லை. ஆகவே இல்லை.

மெனுவில்
குறுக்குக் கோடு போட்ட சின்ன மைக் படம்.
ஒரு தட்டுத் தட்டினால் கோடு போய்விடும்.
விரலை வைத்தேன்.

நாளைக்குச் சீட்டுக்காரர் கூப்பிடும் நாள்.

திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம்.