ஆறாவது கையெழுத்து

ஒரு பிரசவத்துக்கு ஆறு வருகை.
வருகைக்கு நாற்பது வெள்ளி, பெட்ரோல் சேர்த்து.
பத்து வருஷம் பலகாரத்துக்கும் பழைய சேலைக்கும்
பார்த்த வேலைக்கு
இந்த ஜனவரியிலிருந்து ஒரு பாரம் உண்டு.

தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் முதல் வருகை.
வலி வரும்போதெல்லாம், விடியும்வரை,
லோகேஸ்வரியின் இடுப்பை
உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தேன்.
'செய்த பணி' என்ற கட்டம்
என் கட்டைவிரல் அகலம்.
'கூட இருந்தேன்' என்று எழுதினேன்.
போதாது என்று திரும்பி வந்தது.

பிறகு காம்பு வெடித்தது.
பீடோர் கடையில் மாவு டின்
பூட்டிய கண்ணாடிக்குள் இருக்கிறது, நகை மாதிரி.
லாரி ஓட்டும் புருஷன் விலையைக் கேட்டுவிட்டு
ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் நின்றான்.
பிள்ளையின் நாடியைக் கொஞ்சம் தாழ்த்தினேன்;
கொட்டாவி விடும் அளவுக்கு வாய் திறக்கும்வரை
காத்திரு என்றேன்.
காத்திருக்கச் சொல்லத்தான்
எனக்குச் சம்பளம்.

ஐந்தாம் முறை அவளே என்னை அடக்கினாள்:
"பேசாதீங்கக்கா, கேளுங்க."
க், க், என்று
விழுங்கும் சத்தம்.

ஆறாம் முறை
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை.
லொம்போக்கிலிருந்து குலை வெட்ட வந்தவனின் மனைவி,
நூர்லைலா. பிள்ளைக்குப் பதினோரு நாள்.
பாரத்தில் அடையாள அட்டைக்குப் பன்னிரண்டு கட்டம்.
அவளிடம் போட எண் இல்லை.

"எனக்குத்தான் பால் ஓடுதே,
என்னோடத அங்க கொண்டு போங்க."
பேனாவைப் பிடுங்கி
லோகேஸ்வரி கையெழுத்துப் போட்டாள்.

இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று
எனக்குத் தெரியும்.
சுவரைச் சுற்றிப் போனேன்.
பெலான் பெலான் என்றேன், நாடியைத் தாழ்த்தினேன்,
காத்திருந்தோம்.
'குழந்தை குடித்தது' என்று எழுதினேன்.
இந்த முறை திரும்பி வரவில்லை.

எட்டாம் வாரம் லோகேஸ்வரிக்குக் காய்ச்சல்,
மார் கல்லாய்க் கட்டிக்கொண்டது.
ஏழாவது வருகை என்று பாரத்தில் எதுவும் கிடையாது.
மழையில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு
போய்ச் சேர்ந்தபோது
நூர்லைலா எனக்கு முன்பே வந்திருந்தாள்,
ஐஸ்பெட்டியில் குளிர்ந்த முட்டைக்கோஸ் இலைகளை
ஒவ்வொன்றாய்ப் பிரித்துக்கொண்டு.