முந்திய கை

கால் மணித்தியாலத்துக்கு நானூறு ரூபா.
தலைக்கவசத்தின் உள்விளிம்பில்
எனக்கு முன் விளையாடியவனின் வியர்வை.
றிஸ்மின் அதை டிசுவால் துடைத்து
"கண்ணாடியைக் கழட்டுங்க அண்ணே" என்கிறான்.
பெயர் கேட்டது. சுங்க வீதி என்று கொடுத்தேன்.
சொந்தப் பெயரில் தோற்க விருப்பமில்லை.

பிறகு இருட்டு.
பிறகு, இருட்டிலிருந்து கதிரை கதிரையாக
அறுபத்துநாலு பேர்.
வயலின்கள் இடப்பக்கம், பித்தளைக் குழல்கள் பின்னால்,
ஆகக் கடைசியில் கிடாரம்போன்ற மேளங்களோடு ஒருத்தி.
எல்லாருக்கும் கறுப்புச் சட்டை.
ஒருவருக்கும் முழங்காலுக்குக் கீழே ஏதுமில்லை.
குனிந்து பார்த்தேன். பார்க்காமல் விட்டிருக்கலாம்.

நீலப் பந்துகள் மிதந்து வரும்.
தாளம் விழும் கணத்தில் கைக்குச்சியால் தொடவேண்டும்.
தொட்டேன்.
முந்திவிட்டீர், என்றது சிவப்பெழுத்து.
தொட்டேன்.
முந்திவிட்டீர்.
புல்லாங்குழல் பக்கம் சுட்டுவிரலைச் சுழற்றினேன்
முந்திவிட்டீர் முந்திவிட்டீர்
செல்லோக்கள் சோர்ந்து சுருதி இறங்கி
மண்டபமே தண்ணி புகுந்த வள்ளமாய்ச் சாய,
எங்கிருந்தோ, வலக்காதுக்கு வெளியே, றிஸ்மின் சிரிக்கிறான்:
"என்ன அவசரம் அண்ணே, பஸ் பிடிக்கவா?"

அவனுக்கு எப்படிச் சொல்ல.
பதினொரு வருஷமாய்ச் சீனன்குடா இறங்குதுறையில்
பாரந்தூக்கிக்குக் கைகாட்டுகிறவன் நான்.
மஞ்சள் அங்கி, சிவப்புக் கையுறை, வாய் தேவையில்லை.
சுட்டுவிரல் மேலே சுழன்றால் தூக்கு.
கீழே சுழன்றால் இறக்கு.
ஓர் உள்ளங்கையை மற்றதன் மேல் அசையாமல் பிடித்தால்
மெல்ல, மெல்ல, நித்திரைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல.
கை சொல்லி, கண் கண்டு, நெம்புகோல் நகர்ந்து,
கம்பிவடம் அதைக் கேட்டு முடிக்க
இரண்டு விநாடி.
எட்டுத் தொன் குழாய்க்கட்டு தரையைத் தொடுமுன்பே
என் கை தொட்டு முடித்திருக்கும்.

மூன்று கிழமை பழகினேன்.
சம்பளத்தில் ஏழாயிரம் போனது. வீட்டில் மின்கட்டணம் என்றேன்.
ஒருநாள் கடை வாசலில் மான் வந்து நின்றதாம்,
யாரோ எறிந்த பணிஸ் துண்டை மென்றுகொண்டு,
நான் சுவருக்குக் கைவீசுவதைப் பார்த்தபடி.
கையைத் தாமதிக்கக் கற்றேன்.
தாளத்தின் முதுகில் பிசகாமல் உட்காரக் கற்றேன்.
வெள்ளிக்கிழமை திரை முழுதும் பொன் சிதறியது.
தொண்ணூற்றாறு வீதம். சுங்க வீதி, கடையில் இரண்டாம் இடம்.
அறுபத்துநாலு பேரும் எழுந்து நின்றார்கள்,
இல்லாத கால்களில்.

சனிக்கிழமை, கப்பலின் இரண்டாம் அறை.
கட்டு இறங்குகிறது.
என் கை சரியான கணத்தில் நின்றது.
சரியான கணம் என்றால்
இரண்டு விநாடி பிந்தி.
குழாய்கள் தட்டில் மோதிய சத்தம்
கொட்டியாரக் குடா மட்டும் போயிருக்கும்.
யோகராசா காலை இழுத்துக்கொண்டான்.
சப்பாத்தின் நுனி மட்டும் நசிந்தது. விரல் ஐந்தும் இருந்தன.
எண்ணிக் காட்டினான்,
விரலுக்கொரு தூஷணத்தோடு.

மேலே பார்த்தேன்.
அறுபதடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் பண்டுல.
அவனுடைய தமிழ் "சரி"யும் "சோறு"ம்.
என் சிங்களமும் அவ்வளவுதான்.
ஏசவில்லை.
நெம்புகோலிலிருந்து கையை எடுக்கவுமில்லை.
கழுத்தை முன்னே நீட்டி
என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.
கடலை அல்ல, குழாய்களை அல்ல,
யோகராசாவின் காலைக்கூட அல்ல.
அந்த அறுபத்துநாலு பேரில்
ஒருத்தரும் ஒருநாளும்
இப்படிப் பார்த்ததில்லை.

இரு கைகளையும் நெஞ்சின் முன் கோத்தேன்:
எல்லாம் நிற்கட்டும்.
எல்லாம் நின்றது. கொழுக்கி மட்டும் காற்றில்
தன்பாட்டில் ஆடி ஓய்ந்தது.
யோகராசா விலகிப் போய்க் கையசைத்தான்.
கோத்ததைப் பிரித்து,
சுட்டுவிரலை உயர்த்திச் சுழற்றினேன்.

ஒன்று.

இரண்டு.

கம்பிவடம் விறைத்தது.