தள்ளுபடி

புதன்கிழமை. டொலீடோவில் பனி சேறாகிவிட்ட காலை.
கூப்பனுக்கு இரட்டிப்பு மதிப்புத் தரும் நாள்.
ஏழாம் கல்லாவில் நான்.

வெர்னா கொவால்ஸ்கி வருகிறாள்,
கணவனின் தூண்டில் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு.
புழு இருந்த அறையில் இப்போது சோப்புக் கூப்பன்,
ஈயக்குண்டு இருந்த அறையில் பூனைத்தீனி.

வண்டியில் முப்பத்தெட்டு கடுகுக் குப்பிகள். சின்னவை.
குப்பி ஒரு டாலர் ஒன்பது சென்ட்.
கூப்பன் ஐம்பது சென்ட்; புதன்கிழமை அது நூறு.
கூப்பனில் இருக்கும் படமோ பெரிய குப்பி.
அடியில் எறும்பு ஊர்ந்த தடம் போல ஒரு வரி:
பெரிய அளவுக்கு மட்டும்.

இயந்திரத்துக்குப் படம் தெரியாது.
கோடுகளைத் தடவிப் பார்க்கும்,
கம்பெனி பொருந்தினால் போதும்,
பீப் என்று தலையாட்டிவிடும்.
இது அவளுக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.
பின்னால் நிற்பவருக்கு ஐஸ்கிரீம் உருகுவது மட்டும் தெரியும்.

"நான் பொய் சொன்னேனா?" என்றாள் போன மாதம்,
நான் கேட்காத கேள்விக்கு.
"காகிதம் கொடுத்தேன். மெஷின் வாங்கிக்கொண்டது.
வாயே திறக்கவில்லையே."

திருடுகிறவர்கள் ஓடுவார்கள்.
இவள் ரசீதைச் சரிபார்த்து, நன்றி சொல்லி,
தள்ளுவண்டியை அதன் இடத்தில் விட்டுவிட்டுப் போகிறாள்.

பாதிக் கடுகு தேவாலயத்துச் சமையலறைக்குப் போகிறது.
மீதி நிலவறையில், உலை மூடிய கண்ணாடி ஆலையின்
பழைய சீருடைகளுக்குப் பக்கத்தில்.
அந்த ஓய்வூதியப் பத்திரத்திலும்
எறும்பு வரி ஒன்று இருந்ததாம்.
அதைக் காஸுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

ஆனால் போன புதன் மாலை
பேருந்து ஓட்டும் ஆர்லிஸ் வந்தான்,
மகள் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு கடுகு தேடி.
சின்னக் குப்பி வரிசையில் விலைச்சீட்டு மட்டும் இருந்தது.
பெரியதை எடுத்தான், விலையைப் பார்த்தான்,
முகம் வெளியே தெரியும்படி
ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

மாதக் கடைசியில் கம்பெனி ஓர் உறை அனுப்பியது.
செல்லாது, செல்லாது, செல்லாது.
ஏழாம் கல்லா: அறுபத்தொரு டாலர்.
மேலாளர் கிரெட்டா அதைச் சுவரில் ஒட்டினாள், திட்டவில்லை.
என் வியாழக்கிழமை வேலைநேரம் மட்டும்
தள்ளுபடி.

வெர்னாவிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.
நிறுத்தமாட்டாளோ என்று அதைவிடப் பயம்.
கிறிஸ்துமஸுக்கு அவள் ரிப்பன் கட்டிக் கொடுத்த கடுகை
நானும்தான் தொட்டுத் தொட்டுத் தீர்த்தேன்.

முப்பத்தெட்டாவது பீப்.
மூன்று டாலர் நாற்பத்திரண்டு சென்ட்.
சரியான சில்லறையை
உள்ளங்கையில் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறாள்.