தாங்கும் எண்

"பவளத்துக்கு என்ன கலர் மேடம்?"
சிந்தாதிரிப்பேட்டை இரண்டாம் மாடியில்
மாதிரி செய்கிற முனாஃப் கேட்டார்.
மேசைமேல் தெர்மகோல் தீவு.
படகுத்துறைக்கு ஐஸ் குச்சி,
தாழம்புதருக்குப் பச்சைப் பஞ்சு,
பன்னிரண்டு குடில்களுக்கும் தீப்பெட்டி அட்டை.
கோப்பில் அதன் பெயர் தீவு எண் இருபத்திரண்டு.
படகுக்காரர்களுக்கு அடுப்புத்திட்டு.

மார்ச்சில் அங்கே முங்கிப் பார்த்தவள் நான்.
மான்கொம்புப் பவளம் கிளைகிளையாய்
வெளுத்துக் கிடந்தது,
துவைத்துக் காயப்போட்டு
யாரும் எடுக்க வராத வேட்டி மாதிரி.
சிவப்பு என்று வாயெடுத்தேன்.
"யோசிச்சுச் சொல்றேன்" என்றுதான் வந்தது.

தெருமுனையில் மெட்ரோ வாட்டர் லாரி.
வீட்டுக்கு ஆறு குடம்.
ஏழாவது குடத்துக்காக
ஹேமலதாவும் நானும் கத்திய கத்தலில்
டிரைவர் காதில் விரலை வைத்துக்கொண்டார்.

அன்று இரவுதான் தீவின் கணக்கைத் திறந்தேன்.
மணலுக்கு அடியில் உப்புநீர்.
அதன் மேல், வில்லை மாதிரி,
மிதக்கிற நல்ல தண்ணீர்.
நடுவில் ஒன்றரை ஆள் ஆழம்,
ஓரத்தில் ஒரு சாண்கூட இல்லை.
கூட இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும்.
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை,
எங்கள் போர்த் தண்ணீரில் பருப்பு வெந்து
மூன்று வருஷம் ஆகிறது.

ஆளுக்கு இத்தனை லிட்டர்.
ஆளுக்கு இத்தனை மலம்.
ஆளுக்கு ஒரு பூச்சு சன்ஸ்கிரீன்.
ஆமை முட்டையிடும் மாதங்களைக் கழி.
வகுத்தேன். முப்பத்தெட்டு.
விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி வகுத்தேன்.
முப்பத்தேழு.
இயக்குநரின் வரைவில் நாளொன்றுக்கு நானூறு பேர்.
"நிலைத்த" என்ற சொல் மட்டும் பதினேழு இடத்தில்.

சேப்பாக்கத்தில் ஆறாவது மாடியில் கூட்டம்.
ஜன்னலுக்கு வெளியே முழு வங்காள விரிகுடா.
புரொஜெக்டருக்காகத் திரையை இழுத்துவிட்டார்கள்.
படத்தில் இன்னும் நீலமாய் ஒரு கடல்.

கடைசி நாற்காலியில் பஞ்சவர்ணம்.
பாசி எடுப்பவர்கள் சார்பில் ஒருவர் என்று
கோப்பில் ஒரு கட்டம் நிரப்ப வேண்டியிருந்தது.
ராத்திரி ரயிலில் வந்து
எழும்பூரில் முகம் கழுவியிருந்தாள்.
சமோசாவைத் தொடவில்லை.
"உங்க கருத்தையும் சொல்லுங்கம்மா."

"வாறவுக ஒண்ணுக்கு எங்கிட்டுப் போவாக?"

யாரோ சிரித்தார்கள். யாரோ குறித்துக்கொண்டார்கள்.
அவள் நிறுத்தவில்லை.
"நாங்க கால் வச்சா பவளம் நொறுங்குதுன்னு
வலையப் பிடுங்குனீக, அபராதம் போட்டீக.
அவுக காலு என்ன, பஞ்சா?"
பிறகு, குரலை இறக்கி:
"திட்டம் வந்தா எம்மவனுக்குப் படகு லைசன்ஸ் கிடைக்குமா?
அதையும் எழுதிக்கங்க."

இரண்டையும் எழுதினேன்.
அடுத்தடுத்த வரியில்.

அப்போதுதான் முனாஃப் வேர்க்க விறுவிறுக்க
மாதிரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
தீவைச் சுற்றி வெள்ளை வெளேர்.
"மேடம் கலர் சொல்லல சார். அப்படியே விட்டுட்டேன்."
இயக்குநர் என்னைப் பார்த்தார்.
"பெயிண்ட் அடிக்கலயா?"
"இப்ப அதோட கலர் அதான் சார்" என்றேன்.
ஏசி சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

முப்பத்தெட்டைச் சொன்னேன்.
படகு டீசலுக்கே கட்டாது என்றார் நிதித் துறைக்காரர்.
பேசிப் பேசி, டீ ஆறி,
"முதற்கட்டமாக இருநூறு" என்று தட்டச்சானது.
எந்தத் தண்ணீரை எதால் வகுத்தால்
இருநூறு வரும் என்று
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் சேப்பாக்கம் ஸ்டேஷன்.
பஞ்சவர்ணத்தின் தோளில் ஒரு தெர்மகோல் மணி
ஒட்டியிருந்தது.
தட்டிவிட்டாள், கையில் ஒட்டியது.
கையை உதறினாள்,
என் துப்பட்டாவுக்கு வந்தது.
"விடாது போலயே" என்றாள்.
ரயில் வந்துகொண்டிருந்தது.
நான் ஊதிப் பார்த்தேன்.