பதினோரு குச்சிகள்

காலையில் பதினான்கு.
இல்லை, அது போன வருஷம்.
இன்று பதினோரு ஐஸ்கிரீம் குச்சிகள்தான்
எல்பியோவின் பல்வரிசைகளுக்கு நடுவே நுழைந்தன.
பன்னிரண்டாவதை நுனி வைத்துத் தள்ளினேன்.
கண்ணாலேயே வேண்டாமென்றான்.

குச்சிகளை மூலைக்கடை வால்தெமார்
கட்டுக்கட்டாகச் சும்மா தருகிறார்.
பேரப்பிள்ளைகள் இத்தனையும் வைத்து
என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டார்.
வீடு கட்டுகிறார்கள் என்றேன்.

இது சால்தோ. ஆற்றங்கரை ஊர்.
ஆரஞ்சு லாரி தெருமுனை திரும்பினால்
உருகுவேயின் இந்த ஓரத்தில் எல்லாருக்கும் வாயூறும்,
ஒருவனுக்குத் தவிர.
எச்சில் விழுங்க நேரமில்லை என்பார்கள் ஜனங்கள்.
இவனுக்கு நேரம் இருக்கிறது.

கட்டி போய்ப் பன்னிரண்டு வருஷம்.
திரும்பி வரவில்லை.
குணமாகிவிட்டது என்று
முத்திரை குத்திய தாளே கொடுத்தார்கள்.
அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டினார்கள்,
முதலை அடைத்த வீட்டுக்கு
வட்டி கேட்டு வருகிறவர்கள்.

சில்வண்டுச் சத்தம் மட்டும்
மருந்து ஏறிய அந்த மாதமே போயிருந்தது.
ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு அவன்தான் நடுவர்.
தன் விசில் தனக்கே கேட்காமல்
ஒரு சீசன் முழுக்க ஊதினான்.
பையன்கள் ஓட்டத்தை நிறுத்துவார்கள்,
அதை வைத்துத் தெரிந்துகொள்வான்
ஊதிவிட்டோம் என்று.

பிறகு கழுத்து.
யாராவது கூப்பிட்டால்
அலமாரியை நகர்த்துவது போல
முழு உடம்பையும் திருப்புவான்.
பிறகு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போய்
அந்தக் குழி மூடவே இல்லை.
ஒரு நாள் பாலில் ஊறிய ரொட்டியோடு
சின்ன எலும்புச் சில்லு வந்தது.
சட்டைப் பொத்தான் கழன்றது மாதிரி
சாஸரில் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டான்.

கதிரடிக்கும்போது முகத்தை மேஜையோடு சேர்த்துப் பூட்டிய
அந்த வலை முகமூடி இன்னும் இருக்கிறது.
தக்காளிப் பாத்தியில் கம்பு நட்டு மாட்டியிருக்கிறான்.
பறவைகள் பயப்படுவதில்லை.
எனக்குத்தான் திக்கென்கிறது,
அதற்குள் இருந்தவனுக்கு
இவ்வளவு பெரிய கன்னங்களா என்று.

இந்தக் குளிர்காலத்தில் நாக்கு
இடதுபக்கமாகச் சாய்ந்துகொண்டது.
நிபியா என்ற என் பெயரில்
முதல் எழுத்து போய்விட்டது.
இபியா என்கிறான்.
யாரோ ஒருத்தி. திரும்பிப் பார்க்கிறேன்.

மாத்தே குடிப்பதற்கு இங்கே ஒரு சட்டம்.
ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல்,
கைகைகளாகச் சுற்றும்.
திருப்பித் தரும்போது கிராசியாஸ் என்றால்
எனக்குப் போதும் என்று பொருள்.
அடுத்த சுற்றில் உன்னைத் தாண்டிப் போகும்.
எல்பியோ பன்னிரண்டு வருஷமாக அதைச் சொன்னதில்லை.
ருசி தெரியாமல் உறிஞ்சுவான், இல்லை,
உள்ளங்கையில் சூட்டை வைத்திருந்துவிட்டுத் தருவான்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் இரியார்த்தே படத்தைக் காட்டினார்.
தண்ணீர் ஒரு இருமல்கூட எழுப்பாமல்
நுரையீரலுக்கு வழிகிறது.
வயிற்றில் குழாய் வைக்கலாம், எளிய வேலை,
வெள்ளிக்கிழமை இடமிருக்கிறது என்றார்.
எல்பியோ சொன்னான்:
கிராசியாஸ்.

பேனாவைக் கீழே வைத்தார் அவர்.
அவரும் இந்த நாட்டுக்காரிதான்.
பேருந்தில் மூன்று நிறுத்தம் வரை கேட்க நினைத்தேன்,
எந்த நன்றி அது என்று.
அவனுக்குக் கேட்காத பக்கத்தில்
நான் உட்கார்ந்திருந்தேன்.

இரவு வெந்நீரை ஆறவைத்து ஊற்றிக் கொடுத்தேன்.
சொல்லிக் கொடுத்தபடி
மோவாயை நெஞ்சில் அழுத்தி
ஒரே ஒரு மிடறு.
வராத இருமலுக்காக
இரண்டு பேரும் காத்திருந்தோம்.

குடுவையை நீட்டினான்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி ஊற்றினேன்.