பங்கேற்பாளர் பதினான்கு

கறுப்பு உடுப்பின் மேல் முப்பத்தொன்பது உருண்டைகள்,
சுண்டைக்காய் அளவில், சாம்பல் நிறத்தில்.
இடது மணிக்கட்டுக்கு இரண்டை ஒட்டும்போது
மன்னிப்புக் கேட்டாள் டோர்த்தே:
"கொஞ்சம் ஆடும். பொறுத்துக்கொள்ளுங்கள்."

ஆல்போர்க் நகரில் பேருந்து ஓட்டியவள்.
பன்னிரண்டாம் எண்ணைப் பதினெட்டு வருடம்
பாலத்தின் மேல்
இக்கரைக்கும் அக்கரைக்கும் இழுத்தவள்.
போன பனிக்காலம் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.
செவ்வாய் மாலைகளில் நூலகத்து மாடியில் ஆடுகிறாள்.
அங்கேதான் எங்கள் சுவரொட்டியைப் பார்த்தாளாம்:
"ஆடுவோர் தேவை. காபி உண்டு."

பன்னிரண்டு கேமராக்கள் சிவப்பாய் விழித்தன.
இசை இல்லை; அவள் கேட்கவுமில்லை.
தனக்குள் எதையோ எண்ணிக்கொண்டு
அறையின் நடுவில் திரும்பினாள்,
வண்டியின் பின்பக்கம் எங்கே வருகிறதென்று
தோளாலேயே பார்த்தபடி.

திரையில் புள்ளிகள் ஆனாள்.
இடது கையில் மட்டும்
புள்ளி கோடாகாமல்
பொடிப்பொடியாய் உதிர்ந்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு.
விநாடிக்கு நான்கு முறைக்கு மேல் அசைவதெல்லாம்
இரைச்சல் என்று ஒரு வரி.
முனைவர் பட்டத்தின் முதல் வருடம் எழுதியது,
இன்றுவரை யாரும் கேள்வி கேட்காதது.
அமுக்கினேன்.
கை வெண்ணெயானது.

ஆனாலும் எண்கள் ஒத்துவரவில்லை.
அவளோடு சேர்த்தால் எண்பத்தெட்டு,
அவளின்றித் தொண்ணூற்று மூன்று.
அஸ்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"பதினான்கு ஒரு விலகு புள்ளி."
விலக்கு என்று அவர் சொல்லவில்லை.
அந்த ஒற்றை நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் கெடு
உலகின் கடைசி நள்ளிரவு வரை நீளும்.
எங்கோ ஒரு தீவில்
இன்னும் நேற்றாக இருந்தால் போதும்.
அந்தத் தீவில் பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிடம்;
இங்கே மறுநாள் மதியம், சூப் ஆறிக்கொண்டிருந்தது.
பதிவேற்றினேன்:
"இருபத்து மூன்று பேர் பங்கேற்றனர்."
இருபத்து நான்கு கோப்பைகளைக்
கழுவிவைத்தவன் நான்தான்.

மதிப்பீட்டாளர்கள் மூவர்.
ஒருவர் பாராட்டினார்.
ஒருவருக்கு எங்கள் ஆங்கிலம் பிடிக்கவில்லை.
ஒருவர் தன் கட்டுரைகள் நான்கை
மேற்கோள் காட்டச் சொன்னார்.
காணாமல்போன கையைப் பற்றி
மூவரும் வாய் திறக்கவில்லை.

மே மாதம், பழைய மின்நிலையத்தில் கண்காட்சி.
சுவருக்கு ஆட்டத்தைத் தேர்ந்தவள் ஸோல்வாய்.
அவளுக்கு எண்கள் தெரியாது,
அந்தத் திரும்பல் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.
பங்கேற்ற எல்லாருக்கும் அழைப்புப் போனது;
முகவரிப் பட்டியலில் யாரும்
யாரையும் கழித்திருக்கவில்லை.

டோர்த்தே மேல்கோட்டைக் கழற்றாமல் நின்று பார்த்தாள்.
ஆறு மீட்டர் உயரத்தில் ஒருத்தி
வழவழவென்று ஆடிக்கொண்டிருந்தாள்.
"திரும்புவது நான்தான்" என்றாள்.
"கை யாருடையது?"

விளக்கம் கைவசம் இருந்தது,
அதிர்வெண், சான்று, அடிக்குறிப்பு.
வாயில் வந்தது,
"ஒரு வரிதான்."
மடிக்கணினியைத் திறந்து
அந்த வரியின் முன்னால் ஒரு குறி இட்டேன்;
இனி இயந்திரம் அதைப் படிக்காது.

சுவர் நடுங்கியது,
நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின்
சன்னல் கண்ணாடி போல.
வரிசையில் நின்ற பையன்
அம்மாவின் சட்டையை இழுத்தான்:
"அதுக்குக் குளிருதா?"

அப்போது திருப்பம் வந்தது.
கை நின்றது.
எழுபது சட்டகங்கள்,
அரை விநாடிக்குக் கொஞ்சம் கூட.
பிறகு மறுபடி படபடப்பு.
பதினோரு மாதம் அவள் தரவோடு இருந்தவன்
அதைப் பார்த்ததில்லை.
எல்லாவற்றையும் அமைதியாக்கி வைத்திருந்தேன்,
அவள் அமைதி எங்கே தெரியும்?

"பாலம் முடிகிற வளைவு" என்றாள்,
"அங்கே எப்போதும் நின்றுவிடும்."
சொல்லிக்கொண்டே பித்தான்களைக் கழற்றினாள்.
நாலாவதில் நேரம் பிடித்தது.
நான் உதவப் போகவில்லை.

கட்டுரை அச்சாகிவிட்டது.
பக்கம் நாற்பத்தொன்று,
இருபத்து மூன்று பேர்.